அண்ணாவின் வரிக்காசு

ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனில் இருந்து அண்ணா கோல் எடுப்பார். பெரியம்மாவின் மகன். பெரியம்மா எங்களோடுதான் கிளிநொச்சியில் இருக்கிறா. முதல் பத்து நிமிசம் பெரியம்மாவின் பிரஷர், சீனி, அடுத்த கிளினிக் எப்ப. பிறகு ஊரில் யார் செத்தது, யாருக்குக் கலியாணம். அதெல்லாம் முடிய போன் என்ர கைக்கு வரும். அண்ணாவும் நானும் அரசியல் கதைப்போம். அநேகமாக ஒத்துப்போவோம்.

2025 மார்ச் முதல் ஞாயிறு ஒத்துப்போகவில்லை.

"இந்த முறை ஸ்டார்மர் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறான் தங்கச்சி. வெளிநாட்டு உதவியை வெட்டிப்போட்டான். எங்கட காசைக் கொண்டுபோய் ஆபிரிக்காவில கொட்டினது காணும்."

அவர் சொன்னது அந்தக் கிழமைச் செய்தி. பெப்ரவரி 25ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் அறிவித்திருந்தார்: தேசிய வருமானத்தில் 0.5 வீதமாக இருந்த வெளிநாட்டு உதவி 2027இல் 0.3 வீதமாகக் குறையும், மிச்சம் பிடிக்கிற காசு பாதுகாப்புச் செலவுக்குப் போகும். மூன்று நாள் கழித்து, அந்தத் துறைக்குப் பொறுப்பாய் இருந்த அமைச்சர் ஆனலீஸ் டொட்ஸ் பதவி விலகினார். 2015இல் இதே நாடு 0.7 வீதம் கொடுப்போம் என்று சட்டமே போட்டது. கொரோனாவைக் காரணம் சொல்லி 2021இல் அதை 0.5 ஆக்கினார்கள். இப்ப 0.3.

நான் வாயைத் திறந்தேன். அதுக்கு அரை மணித்தியாலம் முதல்தான் பெரியம்மாவின் மருந்துக்கு அண்ணா போட்ட காசு வங்கியில் விழுந்த மெசேஜ் வந்திருந்தது. "ம்ம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த "ம்ம்"முக்குள் விழுங்கினதைத்தான் இங்க எழுதுகிறேன். அண்ணா இதை வாசிப்பார் என்று தெரியும். அதனால் முதலில் அவருடைய பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா கல்நெஞ்சுக்காரன் இல்லை. இரவு வேலை, பெற்றோல் நிலையத்தில். வீட்டுக் கடன் இருக்கு. முழங்கால் நோவுக்கு ஸ்கான் எடுக்க மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கிறார். காஸ் பில்லும் கவுன்சில் டக்ஸும் ஏறிக்கொண்டே போகுது. இவ்வளவுக்குள்ளும் 2022இல் இஞ்ச ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டு, பெரியம்மாவின் குளிசையை வெளியில் வாங்கச் சொன்ன நாளில் இருந்து ஒரு மாதமும் தவறாமல் காசு போடுகிறார். எங்கட ஒழுங்கையில் தகப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகளின் படிப்பையும் அவர்தான் பார்க்கிறார். அதை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்று சொன்னவர். சொல்லிப்போட்டேன்.

"நான் உதவி செய்யேல்லையே? நேரா ஆளின்ர கையில குடுக்கிறன். இடையில ஒரு ஒபிஸ் இல்லை, ஒரு பஜிரோ இல்லை" என்பார். பஜிரோக் கதைக்கு நானும் சிரிப்பேன். வன்னியில் வளர்ந்த ஆருக்குத்தான் சிரிப்பு வராது? ஒரு மலசலகூடம் கட்டி, அதைவிடப் பெரிய பெயர்ப்பலகை நட்டுப்போட்டுப் போனவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். 'பயனாளி' என்கிற சொல்லை நான் முதலில் படித்தது புத்தகத்தில் இல்லை. நிவாரண அட்டையில்.

ஆனால் "எங்கட காசைக் கொட்டினது" என்றாரே, எவ்வளவு கொட்டினது? 0.5 வீதம் என்றால் நாடு உழைக்கிற ஒவ்வொரு நூறு பவுண்ஸிலும் ஐம்பது பென்ஸ். இனி முப்பது. அந்த ஐம்பதும் கடல் தாண்டிப் போனதா என்றால் அதுவும் இல்லை. அகதித் தஞ்சம் கேட்டு வருகிறவர்களின் முதல் வருசத் தங்குமிடச் செலவையும் உதவிக் கணக்கில் எழுதலாம் என்று சர்வதேச விதி ஒன்று இருக்கு. 2023இல் பிரித்தானியா கொடுத்ததாகச் சொன்ன வெளிநாட்டு உதவியில் கால்வாசிக்கும் மேல், சுமார் 28 வீதம், பிரித்தானியாவுக்குள்ளேயே இப்படிச் செலவழிந்தது. ஆபிரிக்காவுக்குப் போனதாக அண்ணா நினைக்கிற காசில் ஒரு நல்ல பங்கு இங்கிலாந்து ஹொட்டேல்காரரிடம்தான் போனது.

"ஹொட்டேலில வச்சுச் சாப்பாடு போடுறாங்கள்" என்று அண்ணா அதுக்கும் கோபப்படுவார். போன புதிதில் அவரும் ஒரு வருசம் அரசாங்கம் கொடுத்த ஒரு அறையில்தான் இருந்தவர். அந்த அறையின் கூரையில் ஒழுகின தண்ணீரைப் படம் எடுத்து அனுப்பினது இன்னும் என்னிடம் இருக்கு. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சில நியாயங்களைச் சொன்னால் வெல்லலாம், ஆனால் ஆளை இழந்துபோவோம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்க எல்லாமே பெரிசு. மத்திய அரசின் செலவில் எத்தனை வீதம் வெளிநாட்டு உதவிக்குப் போகுது என்று கருத்துக்கணிப்புகளில் கேட்டால் மக்கள் சொல்கிற சராசரி கால்வாசி. உண்மை ஒரு வீதமளவுதான். கால்வாசி போகுது என்று நம்புகிற மனிசன் வெட்டு என்று சொல்லுறது நியாயம்தானே. நான் நம்பினால் நானும் சொல்லுவேன்.

இனி எங்கட வீட்டுக் கதைக்கு வாறன்.

1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட எங்கட இரண்டு குடும்பமும் கடைசியில் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு கொட்டிலில் ஒதுங்கியது. கொட்டில், காடு, குளம், நுளம்பு. யாழ்ப்பாணத்தில் மலேரியாவைப் பெரிசாய்க் காணாத உடம்புகள். எனக்கு முதலில் வந்தது 1999இல், எட்டு வயதில். முதலில் குளிர். சித்திரை வெயிலில் மூன்று போர்வை மூடினாலும் பல் அடிக்கும். பிறகு நெருப்பு மாதிரிக் காய்ச்சல். பிறகு வியர்த்து ஊத்தி ஒன்றுமே நடக்காத மாதிரி எழும்பி விளையாடலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே நேரத்துக்குத் திரும்ப வரும். அம்மா மணிக்கூட்டைப் பார்த்து எனக்குப் பாய் விரிப்பா.

அந்த ஒரு வருசத்தில் மட்டும் இலங்கையில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் மலேரியா நோயாளிகள் பதிவானார்கள். நான் அதில் ஒன்று. அண்ணா இன்னொன்று. அவருக்கு அப்ப பதின்மூன்று வயது. அவருக்கு வந்தது மூளை வரைக்கும் போகக்கூடிய வகை. பிதற்றத் தொடங்கிவிட்டார். பெரியம்மாவும் அம்மாவும் சைக்கிளில் இருத்தி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். பொருளாதாரத் தடைக் காலம். ஆனாலும் அண்டைக்கு அங்க மருந்து இருந்தது. போர் உச்சத்தில் நின்ற நேரத்திலும் மலேரியா வேலைக்கு இரண்டு பக்கமும் வழி விட்டன என்று பிறகு படித்து அறிந்தேன். அண்ணா தப்பினதுக்குப் பெரியம்மா இன்றைக்கும் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவா. அம்மனுக்குப் பொங்குறதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த மருந்துப் பெட்டி ஆற்ற காசில் வந்தது என்று எங்கட வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு மலேரியா இரண்டு முறை வந்ததுக்குக் காரணம் நான்தான். கசப்புக் குளிசை மூன்று நாளில் காய்ச்சலை விழுத்திவிடும். அதுக்குப் பிறகும் வேறொரு குளிசையை நாள்கணக்கில் போடவேண்டும். கிருமி ஈரலுக்குள் போய் ஒளிந்துகொண்டு படுத்திருக்குமாம், அதைக் கொல்லத்தான் அது. காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு அது விளங்குமா? வாய்க்குள் வைத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் துப்பினேன். இரண்டு மாதத்தால் அதே குளிர், அதே மணிக்கூடு. வாழைக்குக் கீழே வெள்ளையாய்க் கிடந்த குளிசைகளை அம்மா கண்டுபிடித்தபோது விழுந்த அடி காய்ச்சலைவிடக் கூட நோந்தது.

பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரைக்காக இலங்கையின் மலேரியா வரலாற்றைத் தேடிப் படித்தபோது இந்தக் கிணற்றடிதான் ஞாபகம் வந்தது. 1934-35 கொள்ளைநோயில் இந்தத் தீவில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். 1940களின் நடுப்பகுதியில் டீடீடீ அடிக்கத் தொடங்கினார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் உலகளாவிய ஒழிப்புத் திட்டம், அதுக்குப் பின்னால் அமெரிக்கக் காசு. வீடு வீடாய் மருந்தடித்து, இரத்தம் குத்திப் பார்த்து, 1963இல் முழு இலங்கைக்கும் மலேரியா நோயாளிகள் எத்தனை தெரியுமா? பதினேழு பேர். ஒரு பஸ்ஸின் அரைவாசி.

பதினேழு பேருக்காக ஆர் ஊரெல்லாம் மருந்தடிப்பான்? திட்டத்தின்படி 1964இல் மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. உலகத் திட்டத்துக்கான அமெரிக்காவின் சிறப்பு நிதியும் 1963 அளவில் முடிந்துபோனது. (எண்ணெய்க் கொம்பனிகளைத் தேசியமயமாக்கியதுக்குத் தண்டனையாக அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியதும் அதே 1963இல்தான். இரண்டையும் முடிச்சுப்போட நான் வரேல்லை. ஆனால் உதவி எண்டால் சும்மா தருமம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு அந்த வருசம் ஒரு நல்ல பாடம்.) காட்டை வெட்டிச் சேனை செய்யப் போனவர்கள், மாணிக்கம் தோண்டப் போனவர்கள், மழை குறைந்து குட்டை குட்டையாய்த் தேங்கின ஆறுகள். 1968-69இல் கொள்ளைநோய் திரும்ப வெடித்தது. 1969இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல் நோயாளிகள். பிறகு மருந்தடிக்கப் போனால் டீடீடீக்கு நுளம்பு சாகவில்லை.

பதினேழில் இருந்து ஐந்து லட்சத்துக்குப் போக ஆறு வருசம். திரும்ப ஒன்றும் இல்லாமல் ஆக்குவதுக்கு நாற்பது வருசத்துக்கும் மேல். நானும் அண்ணாவும் காய்ச்சலில் கிடந்தது அந்த நாற்பது வருசத்துக்குள்தான்.

சுகாதாரத்துக்குப் போடுகிற காசில் இப்படி ஒரு சனியன் இருக்கு. வேலை செய்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பாலம் கட்டினால் பாலம் நிற்கும். பெயர்ப்பலகை நட்டால் பலகையாவது நிற்கும். காய்ச்சல் வராத பிள்ளையை ஆர் படம் எடுக்கிறது? தோத்தால் 'பாத்தியா, வீண்காசு' எண்டுவார்கள். வெண்டாலும் 'இப்பத்தான் நோயே இல்லையே, பிறகென்னத்துக்குக் காசு' எண்டுவார்கள்.

2002 சமாதானத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு மருந்து தோய்த்த நுளம்பு வலை கொடுத்தார்கள். எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் இலங்கைக்குக் காசு தரத் தொடங்கினதும் அந்தக் காலம்தான். அந்த நிதியத்துக்கு அதிகம் கொடுக்கிற நாடுகளில் பிரித்தானியாவும் ஒன்று. எங்கட வீட்டுக்கு வந்தது நீல வலை. பெரியம்மா ஒன்றைக் கோழிக்குஞ்சுக்கு மேல் மூடினா, பருந்து தூக்காமல் இருக்க. இன்னொன்றை அண்ணா கொண்டுபோய்க் குளத்து வாய்க்காலில் மீன் பிடித்தார்.

அந்த மார்ச் ஞாயிறு அண்ணா சொன்ன இன்னொரு வசனம்: "வலையைக் குடுத்தால் அவங்கள் அதில மீன் பிடிக்கிறாங்களாம். யூடியூபில பாத்தனான்."

இதுக்கு நான் "ம்ம்" போடவில்லை. "அண்ணா, முத்தையன்கட்டில ஆர் பிடிச்சது?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சிரித்தார். "அது விரால் எல்லோ" என்றார்.

கோழிக்கும் மீனுக்கும் போனது போக மிச்ச வலைகளுக்குள்தான் நாங்கள் படுத்தோம். 2007இல் முழு இலங்கையிலும் மலேரியா நோயாளிகள் இருநூறுக்கும் குறைவு. உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்ரெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இதை வெளிநாட்டுக் காசு மட்டும் செய்யவில்லை. இரத்தம் குத்த வந்த ஐயா, நடமாடும் கிளினிக், மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள், காசு கேட்காத ஆஸ்பத்திரி, எல்லாம் இஞ்சத்தையான். வெளிக்காசு வந்து விழுந்தது ஏற்கெனவே உழுது வைத்திருந்த வயலில். அதனால்தான் விளைந்தது. பிறகு அந்தக் காசு கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைய, எங்கட அரசாங்கம் பொறுப்பெடுத்தது.

ஆகவே "அவங்கட நாட்டை அவங்கள்தான் பாக்கவேணும்" என்று அண்ணா சொல்வதை நான் முழுதாய் மறுக்கமாட்டேன். ஆபிரிக்க அரசுகள் 2001இல் அபுஜாவில் கூடி, வரவுசெலவில் 15 வீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று வாக்குக் கொடுத்தன. காப்பாற்றின நாடுகள் சில மட்டும். அமெரிக்கக் காசு நின்றவுடன் நைஜீரிய நாடாளுமன்றம் 200 மில்லியன் டொலரைச் சுகாதாரத்துக்கு மேலதிகமாக ஒதுக்கியது. அந்தக் காசு முதலே எங்க இருந்தது என்று நைஜீரியர்கள் கேட்டால் அது நல்ல கேள்வி.

ஆனால் குறைக்கிறது வேற, பிடுங்குறது வேற. ட்ரம்ப் 2025 ஜனவரி 20ஆம் திகதி பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவியைத் தொண்ணூறு நாளுக்கு நிறுத்தினார். சில நாட்களில் கிளினிக்குகள் மூடின. யூஎஸ்எய்ட் நிறுவனத்தை மரம் அரைக்கிற மெஷினுக்குள் தள்ளிவிட்டதாக எலோன் மஸ்க் எக்ஸ் தளத்தில் பெருமையடித்தார். ஜூலை முதலாம் திகதி அந்த நிறுவனமே இல்லாமல் போனது. எயிட்ஸ் மருந்துக்கான அமெரிக்கத் திட்டம், பெப்ஃபார், 2003இல் தொடங்கியது. தொடங்கினவர் ஜோர்ஜ் புஷ், ட்ரம்பின் கட்சிக்காரர்தான். ஈராக்குக்குள் படை அனுப்பின அதே வருசம், அதே ஆள். இரண்டரைக் கோடி உயிர்களை அது காப்பாற்றியதாகக் கணக்கு. புஷ்ஷைப் பற்றி நல்லதாய் ஒரு வசனம் எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. எச்ஐவி மருந்தும் நான் துப்பின குளிசை மாதிரித்தான். சுகமாய் இருக்கிற நாளிலும் போடவேண்டும். நிறுத்தினால் வைரஸ் எழும்பும், தாயிடம் இருந்து பிள்ளைக்குப் போகும். இந்த வெட்டுகள் தொடர்ந்தால் 2030க்குள் 1 கோடி 40 லட்சம் பேர் மேலதிகமாகச் சாகலாம் என்று லான்செட்டில் வந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. மதிப்பீடு தானே, கூடக்குறைய இருக்கலாம். பாதியாகவே இருக்கட்டும்.

அந்த யூன் மாதம் தடுப்பூசிக்கான கவி அமைப்புக்கு நிதி சேர்த்தபோது, போனமுறை 165 கோடி பவுண்ஸ் கொடுத்த பிரித்தானியா 125 கோடி என்றது. அமெரிக்கா இனி இல்லை என்றது.

"நேரா ஆளின்ர கையில குடுக்கிறன்" என்று அண்ணா சொன்னதில்தான் நான் இன்னும் நிற்கிறேன். அது உண்மை, அதுக்கு இந்த வீடே சாட்சி. பெரியம்மாவுக்கு லண்டனில் ஒரு மகன் இருக்கிறார். எனக்கு ஒரு அண்ணா இருக்கிறார். ஒழுங்கையில் இருக்கிற இரண்டு பிள்ளைகளுக்கும் அதிர்ஷ்டம், எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். மலாவியில் வலைக்குள் படுக்கிற பிள்ளைக்கு லண்டனில் ஆர் இருக்கினம்? முத்தையன்கட்டில் சைக்கிளில் பிதற்றிக்கொண்டு போன அந்தப் பதின்மூன்று வயசுப் பெடியனுக்கும் அன்றைக்கு வெளிநாட்டில் ஒருத்தரும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் உண்டியல் காசு வந்து சேர முதல் அவர் போயிருப்பார்.

இதை அண்ணாவிடம் இன்னும் வாயால் சொல்லவில்லை. சொல்ல வெளிக்கிட்டால் குரல் இடறும், பெரியம்மா பக்கத்தில் இருப்பா, பிறகு அவவுக்கும் விளங்கப்படுத்த வேண்டும். அதோடு, அவர் காசில் வாங்கின போனில் இருந்துகொண்டு அவருடைய காசைப் பற்றி அவருக்கே பாடம் எடுக்கிற மாதிரி இருக்கும். அந்த வெட்கமும் இருக்கு, மறைக்க ஒன்றும் இல்லை.

பிறகும் ஞாயிறுகள் வந்தன. வெட்டைப் பற்றி இரண்டு பேரும் திரும்பக் கதைக்கவில்லை. ஆவணியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னார், மூத்தவனுக்கு அந்தக் குளத்தைக் காட்ட வேணுமாம். போன கிழமை போட வேண்டிய ஊசிகளைப் பற்றிக் கேட்கக் கிளினிக்குக்குப் போய் வந்தார்களாம்.

"நுளம்புக்குக் குளிசை போடவேணுமோ எண்டு கேட்டனான். தேவையில்லையாம். சிறிலங்காவில இப்ப மலேரியா இல்லையாம் தங்கச்சி, உனக்குத் தெரியுமே?"

"ஓம் அண்ணா" என்றேன். "இல்லை."